மட்டமான சாலை

பெங்களூர் உழவுச்சாலில் பிறந்த ஊர். 1537 வாக்கில் கெம்பே கௌடா இங்கே மண்கோட்டை எழுப்பியபோது, இன்று அவென்யூ ரோடும் சிக்கபேட்டையும் சந்திக்கிற இடத்தில் நான்கு ஏர்களை நிறுத்தினார் என்பது கர்ணபரம்பரைக் கதை. அலங்கரித்த வெள்ளை எருதுகள். நல்ல நேரம் வந்ததும் நான்கு உழவர்களும் நான்கு திசைகளில் ஓட்டினார்கள். கொழுமுனை கீறிய கோடுகள் தெருக்களாயின. கோடுகள் போய் நின்ற பக்கங்களில் கோட்டை வாசல்கள் வந்தன. கோட்டை போய்விட்டது. அல்சூர் கேட் என்ற பெயர் மட்டும் ஒரு போலீஸ் நிலையத்தின் பலகையில் தங்கியிருக்கிறது.

கதை எவ்வளவு உண்மை என்பதைச் சரித்திரக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குப் பிடித்தது அதிலுள்ள நடைமுறை அறிவு. வெட்டவெளி மண்ணில் நீளமாகக் கோடு போட அன்றைக்கு ஏரைவிட நல்ல கருவி கிடையாது. தமிழில் சால் என்றால் ஏர் கீறிய கோடு. சாலை என்றால் வழி. இரண்டு சொற்களுக்கும் உறவு உண்டா என்பது அகராதிக்காரர்களின் கவலை. பெங்களூரைப் பொறுத்தவரை உறவு உண்டு.

ஆனால் ஏர் சாலையைத் தொடங்கிவைக்கத்தான் முடியும். அப்புறம் வண்டி வரும், மழை வரும். சக்கரம் தடம் போடும், தடத்தில் தண்ணீர் நிற்கும், நின்ற தண்ணீரில் அடுத்த சக்கரம் இன்னும் ஆழமாக இறங்கும். குண்டும் குழியுமாகிப் போன மண் சாலையை மறுபடி சாலையாக்குவது எது? ஜே.சி.பி.க்கும் ரோடு ரோலருக்கும் முன்னால் அந்த வேலையைச் செய்தவை குதிரையும் மாடும் இழுத்த சில எளிய கருவிகள். பழம்பொருள் பாசத்தால் அவற்றைப் பற்றி எழுத உட்காரவில்லை. அவற்றை ஓட்டியவர்களுக்குத் தெரிந்திருந்த ஒரு விஷயம், தகவல் தொழில்நுட்பத் தலைநகரான இந்த ஊருக்கு இன்று அவசரமாகத் தேவைப்படுகிறது.

மண் சாலையின் லட்சணம் நம் இலக்கியத்திலேயே பதிவாகியிருக்கிறது. புறநானூற்றில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழும்போது உப்பு வணிகர்களின் வண்டியை உவமையாக எடுக்கிறார். வழியில் பள்ளத்தில் இறங்க நேருமோ மேட்டில் ஏற நேருமோ, யார் கண்டது என்று உமணர்கள் வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் புறப்படுவார்கள். சேம அச்சு என்று அதற்குப் பெயர். அந்த அச்சைப் போல ஆபத்துக்கு உதவுகிறவன் எழினி என்கிறார் ஔவை. இளவரசனுக்கு இது புகழ்ச்சி. சாலைக்கு இதைவிடக் கடுமையான விமர்சனம் இருக்க முடியாது. அந்த அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. பெங்களூரிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். சேம அச்சு இப்போது ஸ்டெப்னி என்ற பெயரில் அதே வழியில் போய்வந்துகொண்டிருக்கிறது.

கட்டை வண்டிச் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை போடுவார்கள். அதன் அகலம் இரண்டு மூன்று விரல். ஒரு வண்டிச் சுமை முழுவதும் அந்த இரண்டு பட்டைகள் வழியாகத்தான் மண்ணில் இறங்குகிறது. ஈர மண்ணில் அது கத்தியைப் போல வெட்டும். நல்ல சாலை போட்டால் வண்டிகள் பெருகும். வண்டிகள் பெருகினால் சாலை கெடும். மைசூர் சமஸ்தானத்தில் இது கண்கூடாக நடந்தது. 1834 முதல் 1861 வரை கமிஷனராக இருந்த மார்க் கப்பன் காலத்தில் சுமார் 1,600 மைல் சாலை போடப்பட்டது. அதுவரை பொதிமாடுகளின் முதுகில் போன சரக்கு வண்டியேறியது. போடுவது முடிந்ததும் பராமரிப்பு என்ற முடிவில்லாத வேலை தொடங்கியது.

அந்த வேலையின் சூட்சுமம் என்ன? நிலத்தை நிரவ நம் உழவரிடம் எப்போதோ கருவி இருந்தது. நாற்று நடுவதற்கு முன் சேற்று வயலில் மாடு பூட்டி இழுக்கும் பலகைக்குப் பரம்பு என்று பெயர். பலகை மீது ஆள் ஏறி நின்று எடை கொடுப்பார். மேட்டு மண்ணை அது வாரிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விடும். பரம்படித்த வயலில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். பெங்களூரைச் சுற்றியுள்ள கேழ்வரகுக் கொல்லைகளில் வேறொரு கருவி. கன்னடத்தில் குண்டெ என்பார்கள், தெலுங்கில் குண்டக்க. குறுக்கே நீண்ட இரும்புத் தகடு. மாடு இழுக்க இழுக்க மேல்மண்ணை மட்டும் சீவிக்கொண்டு போகும். இன்று நெடுஞ்சாலைகளில் மஞ்சள் நிறத்தில் ஊர்ந்து போகும் கிரேடர் இயந்திரத்தின் வயிற்றில் தொங்கும் தகட்டைப் பார்த்தால், குண்டெயின் அண்ணன் என்று சொல்லிவிடலாம்.

பலகை ஒன்றுதான். ஆனால் வயலுக்கும் சாலைக்கும் நோக்கம் நேர் எதிர். வயல் மட்டமாக இருக்க வேண்டும், தண்ணீர் நிற்பதற்காக. சாலை மட்டமாக இருக்கவே கூடாது, தண்ணீர் ஓடுவதற்காக. நடு உயர்ந்து இரு ஓரமும் தாழ்ந்து, ஆமை முதுகு போல இருந்தால்தான் அது சாலை. மட்டமான சாலை மட்டமான சாலை. இந்த ஒரு வாக்கியத்தை எந்த மொழியில் பெயர்க்கச் சொன்னாலும் நான் கையை விரித்துவிடுவேன்.

இந்தச் சரிவுக்குக் கணக்கு உண்டு. 1934-ல் அமைந்த இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த தர அளவுகளின்படி தார்ச் சாலைக்கு 2 சதவீதத்தை ஒட்டிய சரிவு போதும். மண் சாலைக்கு 3 முதல் 4 சதவீதம் வேண்டும். மழை அதிகமுள்ள இடத்தில் 4. ஆறு மீட்டர் அகலமுள்ள மண் சாலை என்றால், அதன் நடு ஓரத்தைவிட 12 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். ஒரு சாண் கூட இல்லை. அந்த 12 சென்டிமீட்டர் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் சாலையின் ஆயுள் இருக்கிறது.

இந்த உண்மையை ஒரு நாடு முழுவதற்கும் புரியவைத்தவர் இன்ஜினியர் அல்ல, ஒரு விவசாயி. அமெரிக்காவின் மிஸௌரி மாநிலத்தில் மெய்ட்லாண்ட் என்ற சிற்றூர். அங்கே டி. வார்ட் கிங் என்பவர் தன் வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் இடையிலிருந்த சேற்றுப் பாதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1896-ல் ஒரு மழைக்குப் பிறகு குதிரைகளைப் பூட்டி, ஒரு மரச் சட்டத்தை அந்தப் பாதையில் இழுத்துப் பார்த்தார். அடுத்த மழைக்குப் பிறகும் இழுத்தார். அதற்கடுத்த மழைக்குப் பிறகும். நாளாவட்டத்தில் சுற்றுவட்டாரச் சாலைகளெல்லாம் சேறாகக் கிடக்க, அவர் வீட்டு வாசல் சாலை மட்டும் உறுதியாக நின்றது.

கருவி பரம எளிமை. ஏழெட்டு அடி நீளமுள்ள ஒரு மரத்தண்டை நெடுக்காக இரண்டாகப் பிளக்க வேண்டும். இரண்டு பாதிகளையும் இரண்டரை அடி இடைவெளி விட்டு, தட்டையான முகம் முன்னால் பார்க்கும்படி நிறுத்தி, ஏணிப்படிகள் போலக் குறுக்குக் கட்டைகள் அடித்துச் சேர்க்க வேண்டும். சங்கிலி போட்டுக் குதிரைகளைப் பூட்ட வேண்டும். அவ்வளவுதான். ஓட்டுபவர் அதன் மீது பலகை போட்டு நின்றுகொள்வார். அழுத்தம் வேண்டிய பக்கம் கால் மாற்றி நிற்பார். நம்மூர் உழவர் பரம்பின் மீது நிற்பதைப் போலவேதான்.

ஒரே ஒரு வித்தியாசம். பரம்பை மாடு நேராக இழுக்கும். கிங்கின் கட்டையைக் குதிரை கோணலாக இழுக்கும். சங்கிலியை ஒரு பக்கம் தள்ளிக் கட்டியிருப்பதால் கட்டை சாய்வாகப் போகும். ஓரத்து மண் வழுக்கிக்கொண்டு நடுவுக்கு வந்து சேரும். போகும்போது ஒரு பாதி, திரும்பும்போது மறு பாதி. ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய அடுக்கு மண்தான் நகரும். ஒரு பருவம் முழுக்க இழுத்தால் சாலைக்கு ஆமை முதுகு தானாக வந்துவிடும். கோணம் மாறியதில் வயல் கருவி சாலைக் கருவியாகிவிட்டது.

இன்னொரு சூட்சுமம் நேரம். மண் சொதசொதவென்று இருக்கும்போது இழுத்தால் ஒட்டிக்கொள்ளும். காய்ந்து இறுகியபின் இழுத்தால் அசையாது. இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் இருக்கிறது. ஈரம் இருக்க வேண்டும், ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் கட்டை மண்ணைச் சீவுவதோடு மேற்பரப்பை மெழுகியும் விடுகிறது. களிமண் துளைகள் அடைபடுகின்றன. மேலே வெயில் பட்டதும் ஓடு போல இறுகிவிடுகிறது. அடுத்த மழை உள்ளே இறங்காமல் வழிந்தோடுகிறது. மண் தரையைத் தேய்த்து மெழுகிய நம் வீட்டுப் பெண்களுக்கும் சக்கரத்தில் பானை வனைபவருக்கும் இதைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. அமெரிக்க விவசாயத் துறை 1908-ல் இதைக் கையேடாக அச்சிட்டு விவசாயிகளிடம் கொடுத்தது. கிங் ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவாற்றினார். அவர் விற்க வந்தது கட்டையை அல்ல. மழை நின்ற மறுநாள் கட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பும் பழக்கத்தை.

அந்தக் காலத்து அமெரிக்காவில் இதன் உறவுக்காரக் கருவிகள் நிறைய வந்தன. 1883-ல் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் ஜேம்ஸ் போர்ட்டியஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் குதிரை இழுக்கும் மண்வாரி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பாசனக் கால்வாய் வெட்டப் பிறந்த அது சாலைக்கும் ரயில் பாதைக்கும் போய், கடைசியில் பனாமா கால்வாய் வரை போனது. 1885-ல் இண்டியானாபோலிஸின் ஜே.டி. ஆடம்ஸ், சாய்ந்த சக்கரங்கள் கொண்ட கிரேடரைச் செய்தார். தகடு கோணலாக மண்ணைத் தள்ளும்போது மண்ணும் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் அல்லவா? கயிறு இழுக்கும் போட்டியில் நாம் உடம்பைச் சாய்த்துக் கால் ஊன்றுவதைப் போலச் சக்கரங்கள் சாய்ந்து நின்று அதை எதிர்த்தன. இன்றைய மோட்டார் கிரேடரின் முன்சக்கரங்கள் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். அது குதிரை காலத்து யோசனை.

நம் நாட்டில் கதை வேறு மாதிரி போனது. குதிரை இங்கே படைக்கும் பவனிக்கும் ஜட்காவுக்கும்தான். சுமையிழுக்கும் வேலைக்கு எருது. திமிலுக்கு முன்னால் நுகத்தடி பொருந்தி உட்கார்ந்துவிடுவதால் விலையுயர்ந்த தோல் பட்டை சேணமெல்லாம் தேவையில்லை. தன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையோடு ஒரு எருது மணிக்கணக்கில் இழுக்கும். மைசூர்ப் பகுதியின் ஹள்ளிகார், அமிர்த மஹால் இனங்கள் வேகத்துக்கும் விடாமுயற்சிக்கும் பேர்போனவை. மாடு இருந்தது, பலகை இருந்தது, அதைக் கையாளத் தெரிந்த உழவரும் இருந்தார். ஆனாலும் பரம்பும் குண்டெயும் வயலைத் தாண்டிப் பொதுப்பணித் துறையின் கருவியாக வளரவில்லை.

ரோலர் வந்தது. உண்மையில் ரோலர் சரித்திரத்தில் இந்தியாவுக்கு ஒரு கௌரவமான இடமே உண்டு. 1863-ல் நீராவி ரோடு ரோலரை வடிவமைத்த இருவரில் ஒருவரான வில்லியம் கிளார்க் கல்கத்தா நகராட்சியின் இன்ஜினியர். ஆனால் ரோலர் சாலைக்கு உருவம் கொடுப்பதில்லை. கொடுத்த உருவத்தை அழுத்தி இறுக்குகிறது. ஆமை முதுகாக இருந்தால் ஆமை முதுகாக, தட்டாக இருந்தால் தட்டாக. உருவம் கொடுக்கும் வேலையை இங்கே செய்தவை மண்வெட்டியும் கூடையும் மனிதக் கைகளும்.

காரணம் எளிமையானது, கசப்பானது. அமெரிக்காவில் ஆள் பஞ்சம். அதனால் குதிரைக்குப் புதுப்புதுக் கருவி பிறந்தது. இங்கே பஞ்சத்தால் ஆள் கிடைத்தது. 1876-78 பஞ்சத்தில் மைசூர் சமஸ்தானம் சூறையாடப்பட்டது போல ஆயிற்று. 1871-ல் சுமார் 50 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1881-ல் சுமார் 42 லட்சம். பக்கத்துச் சென்னை மாகாணத்தில் நிவாரணம் என்ற பெயரில் எலும்பும் தோலுமானவர்கள் கல் உடைத்தார்கள், சாலைக்கு மண் சுமந்தார்கள். 1877-ல் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கூலி ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோ கூட இல்லை. மாட்டுக்குத் தீவனம் போடுவதைவிட மனிதனுக்குக் கூலி கொடுப்பது மலிவாக இருந்த காலத்தில் யார் கருவியைப் பற்றி யோசிப்பார்கள்?

பஞ்சம் இல்லாத காலத்தில் அந்த வேலை பரம்பரைத் தொழிலாளர்களின் தலையில் விழுந்தது. தமிழில் ஒட்டர், கன்னடத்தில் வட்டர் அல்லது போவி என்று அழைக்கப்படுபவர்கள். மண் வேலை செய்தவர்கள் மண் ஒட்டர், கல் வேலை செய்தவர்கள் கல் ஒட்டர். தென்னிந்தியாவின் ஏரிக் கரைகளிலும் சாலைகளிலும் ரயில் மேடுகளிலும் அவர்கள் வியர்வை இருக்கிறது. கண் பார்வையாலேயே சரிவைச் சொல்லக்கூடிய அனுபவ இன்ஜினியர்கள். அந்த அறிவுக்குச் சம்பளமும் கிடைக்கவில்லை, பட்டமும் கிடைக்கவில்லை. இன்று பெங்களூரில் கொதிக்கும் தாரை ஊற்றும் கூலியாட்களில் பலர் வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். காலில் சாக்கு சுற்றிக்கொண்டு நிற்பவர்களையும் அவர்களில் பார்க்கலாம்.

மாடும் சாலையும் சந்தித்துக்கொண்ட இன்னொரு இடம் களம். பெங்களூர் கிராமங்களில் கேழ்வரகு அடிக்க ரோணகல்லு என்ற உருளைக் கல் உண்டு. அறுவடைக்கு முன் களத்து மண்ணைக் கொத்தி, நீர் தெளித்து, அதே கல்லை மாடு பூட்டி உருட்டி இறுக்கி, சாணம் மெழுகுவார்கள். பிறகு கதிரைப் பரப்பி அதே கல்லை அதன் மேல் உருட்டுவார்கள். தரையை ஆக்கியதும் தானியத்தைப் பிரித்ததும் ஒரே கருவி. இப்போது நிலைமை தலைகீழ். களத்துக்குப் பதில் தார்ச் சாலையில் கேழ்வரகையும் கொள்ளையும் பரப்பிவிடுகிறார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் மிதித்துக் கொடுக்கின்றன. போலீசார் எச்சரிக்கிறார்கள், பைக்குகள் வழுக்குகின்றன. ரோணகல்லு ஊர்க் கோடியில் சும்மா கிடக்கிறது. சாலைக்கு உழைத்த கல்லின் வேலையைச் சாலையே வாங்கிக்கொண்டுவிட்டது.

மாட்டைக் கருவியாக அல்ல, சக்தியாகப் பார்க்கச் சொன்ன ஒருவர் இதே பெங்களூரில் இருந்தார். 1970-களில் இங்குள்ள ஐ.ஐ.எம்.மின் முதல் இயக்குநராக இருந்த என்.எஸ். ராமசாமி. நிர்வாக இயல் பேராசிரியர் கட்டை வண்டியைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிரித்தவர்கள் உண்டு. அவர் சளைக்கவில்லை. நாட்டின் உழவு மாடுகள் தரும் சக்தியை அன்றைய மின் நிலையங்களின் திறனோடு ஒப்பிட்டுக் காட்டினார். இரும்புப் பட்டைச் சக்கரம் சாலையைக் கெடுக்கிறது, கரடுமுரடான நுகத்தடி மாட்டின் கழுத்தைப் புண்ணாக்குகிறது, இரண்டையும் சிறு செலவில் மாற்றலாம் என்பது அவர் வாதம். காற்றடைத்த டயரும் பேரிங்கும் நல்ல நுகமும் கொடுத்தால் மாட்டுக்கும் நல்லது, ரோட்டுக்கும் நல்லது. அவர் சொன்னதில் கொஞ்சம் நடந்தது. அதற்குள் டிராக்டர் வந்துவிட்டது.

வந்தது வரட்டும். மாட்டை மறுபடி பூட்ட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வெள்ளை எருதுகளோடு ஒயிட்ஃபீல்டு போக்குவரத்தில் இறங்க யாருக்கும் துணிச்சல் இருக்காது. எருதுகள் மீது கொஞ்சமாவது இரக்கம் உள்ளவர்கள் அதை யோசிக்கவும் மாட்டார்கள். என் கேள்வி வேறு. குதிரையும் மாடும் போனதோடு, மழை நின்ற மறுநாள் கட்டையை எடுத்துக்கொண்டு கிளம்புகிற அந்த ஆளும் போய்விட்டாரே, அவர் எங்கே?

பெங்களூரில் மண் சாலையா என்று கேட்பவர்கள் நகரத்தின் ஓரங்களுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். 2007-ல் பெருநகர மாநகராட்சி உருவானபோது 110 கிராமங்கள் அதில் சேர்க்கப்பட்டன. அடுக்குமாடிகள் முதலில் வந்தன. குழாய்கள் பின்னால் வந்தன. காவிரித் தண்ணீருக்காகவும் பாதாளச் சாக்கடைக்காகவும் தெருத் தெருவாகத் தோண்டினார்கள். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டக் காவிரித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். நல்ல காரியம். ஆனால் தோண்டிய இடத்தில் தார் திரும்பி வருவதற்குள் எத்தனை மழைக்காலங்கள் போகின்றன என்பதை அங்கே குடியிருப்பவர்கள் விரல் விட்டு எண்ணுகிறார்கள். அதுவரை அவை மண் சாலைகள்தான். மண் சாலை என்று ஒப்புக்கொள்ளப்படாத மண் சாலைகள். அதனால்தான் மண் சாலைக்குரிய வைத்தியம் அவற்றுக்குக் கிடைப்பதில்லை.

கிடைப்பது வேறு வைத்தியம். புகார் முற்றினால் ஒரு ஜே.சி.பி. வரும். பள்ளத்தில் கட்டட இடிபாட்டைக் கொட்டும், வாளியின் முதுகால் தட்டித் தட்டி மட்டமாக்கிவிட்டுப் போகும். பார்க்க நன்றாக இருக்கும். மட்டமாக, அதாவது வயலைப் போல. அடுத்த மழையில் தண்ணீர் அங்கேயே நிற்கும். ஒரு வாரத்தில் பழைய பள்ளம் பழைய இடத்தில். எங்கள் பகுதிக்குப் பால் கொண்டு வருபவர் கோலார் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். அப்படி நிரவிய தெருவைப் பார்த்து ஒருநாள் அவர் சொன்னார்: “நாத்து விட்டுடலாம் சார்.” எந்த இன்ஜினியர் அறிக்கையும் இதைவிடச் சுருக்கமாக விஷயத்தைச் சொல்லிவிட முடியாது.

இதில் வேடிக்கைக்கு இடமில்லாத பகுதியும் உண்டு. தண்ணீர் மூடிய பள்ளம் இரு சக்கர வாகனக்காரருக்குத் தெரிவதில்லை. மழைக்காலம்தோறும் நகரத்தின் பத்திரிகைகளில் அதன் செய்தி வருகிறது. கூடவே கணவன், மகள், கல்லூரி மாணவன் என்று ஒரு புகைப்படமும் வருகிறது. குழிகளைப் பற்றி 2015-ல் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பொதுநல வழக்கே போனது. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. பெரிய சாலைகளுக்கு கான்கிரீட் மேற்பூச்சு வந்துகொண்டிருக்கிறது. திட்டங்களுக்குக் குறைவில்லை. திட்டத்துக்கும் திட்டத்துக்கும் நடுவே பெய்கிற மழைக்குத்தான் பொறுப்பாளி இல்லை.

அந்தப் பொறுப்பாளியை நியமிக்க முடியும் என்று காட்டிய நாடுகள் உண்டு. கென்யா 1974-ல் தொடங்கிய கிராமச் சாலைத் திட்டத்தில், சாலையோரக் குடும்பத்திலிருந்தே ஒருவரைப் பகுதி நேர வேலைக்கு எடுத்து ஓரிரு கிலோமீட்டரை அவர் கையில் ஒப்படைத்தார்கள். வடிகாலைத் திறந்துவிட வேண்டும், பள்ளத்தை அன்றன்றே மூட வேண்டும், புல்லை வெட்ட வேண்டும். நம் நாட்டிலும் பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கியபோது, போட்ட கான்ட்ராக்டரே ஐந்து ஆண்டு பராமரிக்க வேண்டும் என்ற விதி வந்தது. ஆறாவது ஆண்டு மழை அந்த ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுப் பெய்வதில்லை.

தமிழ்நாட்டின் அனுபவம் இன்னும் பாடம் நிறைந்தது. 1997-ல் நெடுஞ்சாலைத் துறையில் சுமார் 10,000 சாலைப் பணியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். வேலை என்ன? ஓரத்து மண்ணைச் சரிசெய்வது, செடியை வெட்டுவது, சின்னக் குழியைப் பெரிதாவதற்கு முன் மூடுவது. 2002-ல் அத்தனை பேரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். போராட்டங்களுக்குப் பிறகு 2006-ல் திரும்ப எடுக்கப்பட்டார்கள். இடையில் போன 41 மாதங்களைப் பணிக்காலமாகக் கணக்கிடச் சொல்லி அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். மேம்பாலத்தைத் திறந்து வைக்க மந்திரி வருவார், ரிப்பன் இருக்கும். மூடிய குழிக்குத் திறப்பு விழா கிடையாது. ஆட்குறைப்பு என்று வந்தால் முதலில் போகிறவர் அவர்தான்.

பெங்களூருக்கு ஆண்டுக்குச் சுமார் 90, 100 சென்டிமீட்டர் மழை. மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை விட்டு விட்டுப் பெய்கிறது; நடுவில் வெயில் அடிக்கிறது. மண் சாலையைச் சீர்செய்ய இதைவிட வாகான வானிலை கிடைக்காது. மிஸௌரி விவசாயி காத்திருந்த அந்தப் பதம் இங்கே மாதத்துக்குப் பல தடவை தானாக வருகிறது. தேவை ஒரு சிறிய டிராக்டர். அதன் பின்னால் கோணலாகக் கட்டிய ஒரு இரும்புச் சட்டம். தண்ணீர் போக ஓரத்தில் வெட்டிய ஒரு வாய்க்கால். இந்தத் தெரு என் பொறுப்பு என்று சொல்லக்கூடிய, மாதச் சம்பளமும் மரியாதையும் உள்ள ஒரு ஆள். தார் வரும்போது வரட்டும். வரும் வரை தெரு தெருவாக இருக்கும். ஆமை முதுகு அமைந்த மண்ணின் மேல் போட்டால் அந்தத் தாரும் கூடுதல் நாள் நிற்கும்.

கெம்பே கௌடாவின் ஏர்கள் நான்கு திசைக்குப் போனது ஒரே ஒரு நாள். அதைக் கதையாகச் சொல்கிறோம், சிலை வைக்கிறோம். அதன் பிறகு அந்தக் கோடுகளைத் தெருக்களாகவே காப்பாற்றியவர்கள் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மண்வெட்டியோடு வந்தவர்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இருந்திருந்தாலும் அவர்கள் நின்று படித்திருக்க மாட்டார்கள். வானத்தைப் பார்த்துவிட்டு, மண்ணைக் கையில் எடுத்துப் பதம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.